தாத்தாவுக்குச் சொல்லக் கூடாது (குழு உரையாடல்)

வியாழக்கிழமை

கயல், இரவு 9:12
குமார் மாமா, விழித்திருக்கிறீர்களா? சதாபிஷேக வீடியோ எக்ஸ்போர்ட் ஆகவே மாட்டேன் என்கிறது. நாலு தடவை ஓட்டிவிட்டேன். பாதியில் நின்று போகிறது. ஞாயிற்றுக்கிழமை விழா, எனக்குக் கை நடுங்குகிறது.

குமார் மாமா, 9:15
சொல்லு கயலு. ஸ்டுடியோவில்தான் இருக்கிறேன். நிற்கும்போது திரையில் என்ன எழுதி வருகிறது? அதை அப்படியே போட்டோ எடுத்துப் போடு. ‘எரர் வருகிறது’ என்று மட்டும் சொன்னால் எனக்கு ஒன்றும் புரியாது.

கயல், 9:17
(படம்)
ஜிபியு மெமரி நிரம்பிவிட்டது என்று வருகிறது மாமா. வீடியோ எடிட் செய்யும் ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்புதான் வைத்திருக்கிறேன். கிராஃபிக்ஸ் கார்டு 4 ஜிபி.

குமார் மாமா, 9:18
நாலு தடவையும் ஒரே இடத்தில் நின்றதா, வேறு வேறு இடமா?

கயல், 9:18
31 சதவீதம், 44, 38. கடைசியாக 63.

குமார் மாமா, 9:21
அப்படியென்றால் லேப்டாப்புக்கு மூச்சு முட்டுகிறது. ஒரே இடத்தில் நின்றிருந்தால் அந்த இடத்துக் கிளிப்பைச் சந்தேகப்படுவேன். இடம் மாறி மாறி நின்றால் மெமரி, இல்லையென்றால் சூடு. மென்பொருளைக் குறை சொல்ல வேண்டாம். பச்சைத் துணி முன்னால் எடுத்த கிளிப்புகளில், ஒரே நேரத்தில் எத்தனை பேரைப் பின்னணிப் பச்சை நீக்கி வைத்திருக்கிறாய்?

கயல், 9:22
கடைசிக் காட்சியில் 11 பேர். அம்பாசமுத்திரம் படித்துறையில் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து தாத்தாவைக் கூப்பிடுகிற மாதிரி. வர முடியாதவர்கள் எல்லோரையும் அதில் சேர்த்திருக்கிறேன்.

மீனா சித்தி, 9:23
கேட்கும்போதே கண் கலங்குகிறது கயல். நான் சிங்கப்பூரில் இருந்துகொண்டு தாமிரபரணிப் படியில் உட்காரப் போகிறேன்.

குமார் மாமா, 9:27
11 பேரும் 4கேயில் இருப்பார்கள், அதுதான் விஷயம். ஒரு 4கே ஃப்ரேமில் 82,94,400 புள்ளிகள். கீயர், அதாவது பச்சையை நீக்கும் கருவி, அத்தனையையும் ஒவ்வொன்றாகப் பார்த்து இது பச்சையா, முடியா, சேலையா என்று முடிவு செய்ய வேண்டும். அதை 11 தடவை, ஒவ்வொரு ஃப்ரேமுக்கும். மண்டபத்துத் திரைக்கு 1920×1080 தாராளம். 20,73,600 புள்ளிதான், நாலில் ஒரு பங்கு.

கயல், 9:29
டைம்லைனை 1080க்குக் குறைத்தும் பார்த்தேன் மாமா. அப்போதும் நின்றது.

குமார் மாமா, 9:34
நிற்கும். ரிசால்வின் டெல்டா கீயர் போட்டது, எஃபெக்ட் வேலைக்கான ஃப்யூஷன் பக்கத்தில்தானே? அங்கே கிளிப் எந்த அளவில் இருக்கிறதோ அந்த அளவில்தான் வேலை நடக்கும். டைம்லைனைக் குறைத்ததால் அதன் சுமை குறையாது. அதனால் கிளிப்புகளையே முதலில் மாற்று. ஹேண்ட்பிரேக் என்று வீடியோவை மாற்றும் மென்பொருள் இருக்கிறது, இலவசம், அதில் ஒவ்வொன்றையும் 1080க்குக் கொண்டு வா. தரத்தை ஆர்.எஃப். 16 வை. அந்த எண் குறையக் குறையப் படம் தெளிவாக இருக்கும். ஃப்ரேம் ரேட்டை ‘கான்ஸ்டன்ட்’ என்று வைக்க மறக்காதே. போன் வெளிச்சத்துக்குத் தகுந்தபடி ஃப்ரேமைக் கூட்டிக் குறைத்து எடுக்கும். அதனால்தான் போகப் போக உதடும் குரலும் விலகும்.

கயல், 9:35
ஐயோ, சித்தி பேசுவதில் அதுதான் நடக்கிறது! கடைசி நிமிடத்தில் வாய் மூடிய பிறகும் குரல் வருகிறது.

குமார் மாமா, 9:38
அதுவும் சரியாகிவிடும். அப்புறம் 11 பேரையும் ஒரே டைம்லைனில் வைத்துக் கீ செய்யாதே. ஒவ்வொருவராகப் பச்சை நீக்கித் தனித் தனி ஃபைலாக எடுத்து வை. பிறகு படித்துறைப் படத்தின் மேல் அடுக்கு. அப்போது கீயர் வேலையே இருக்காது, வெறும் அடுக்குகிற வேலைதான்.

சங்கர் அண்ணன், 9:40
கயல், என் கிளிப் சரியாக வந்ததா? பெங்களூரில் பக்கத்து வீட்டில் துளைபோடும் சத்தம் ஓய்ந்த பிறகு இரவு 11 மணிக்கு எடுத்தது.

கயல், 9:41
வந்தது அண்ணா, டிரைவிலிருந்து இறக்கி வைத்திருக்கிறேன். சரி, இன்று இரவே மாற்றப் போடுகிறேன்.

வெள்ளிக்கிழமை

கயல், காலை 7:50
மாமா, சித்தி கிளிப்பைத் தனியாக எடுத்தேன். பின்னால் ஒரே கறுப்பு. படித்துறை மேல் வைத்தால் கறுப்புக் கட்டமாக வருகிறது.

குமார் மாமா, 8:05
எம்பி4 ஆக எடுத்திருப்பாய். சாதாரண எச்.264 எம்பி4இல் சிவப்பு, பச்சை, நீலத்துக்குத்தான் இடம் உண்டு. எது தெரிய வேண்டும், எது தெரியக் கூடாது என்று சொல்லும் நாலாவது தகவலுக்கு, அதாவது ஆல்ஃபாவுக்கு, அதில் இடம் கிடையாது. டெலிவர் பக்கத்தில் குவிக்டைம் வை. கோடெக், அதாவது சுருக்கும் முறை, கோப்ரோ சினிஃபார்ம், வகை ஆர்ஜிபி 16 பிட். கீழே ‘எக்ஸ்போர்ட் ஆல்ஃபா’ என்று ஒரு கட்டம் இருக்கும், அதை டிக் செய். ஃபைல் பெரிதாக வரும், டிஸ்கில் இடம் இருக்கிறதா பார்த்துக்கொள்.

கயல், 9:30
வந்துவிட்டது!! ஆனால் சித்தி... (படம்)

மீனா சித்தி, 9:33
என் சேலைக் கரை வழியாக ஆறு ஓடுகிறதே!

மீனா சித்தி, 9:33
அந்தப் பட்டு அப்பா தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்தது. அதனால்தான் உடுத்தினேன். பச்சைக் கரை என்று யோசிக்கவே இல்லை. குமார் அண்ணே, திரும்ப எடுக்க வேண்டுமா? இன்று இரவு வரை எனக்கு வேலை.

குமார் மாமா, 9:41
வேண்டாம் மீனா. அந்தச் சேலையோடே இரு, அப்பாவுக்கு அது அடையாளம் தெரியும். கயலு, சித்தியின் தோளிலிருந்து மடி வரை, உடம்புக்குச் சற்று உள்ளடங்கி, பாலிகன் மாஸ்க் ஒன்று வரைந்து டெல்டா கீயரில் ‘சாலிட் மேட்’ என்கிற இடத்தில் இணை. அதற்குள் இருப்பதைக் கீயர் தொடாது. சித்தி அசைகிற இடங்களில் மாஸ்க்கையும் நகர்த்த வேண்டும். பொறுமையான வேலைதான், ஆனால் செய்யலாம்.

அம்மா, 9:44
தம்பி, எனக்கு ஒரு சந்தேகம். சேலையில் பச்சை இருக்கும் என்று தெரிந்தும் ஏன் பச்சைத் துணியையே கட்டச் சொல்கிறார்கள்?

குமார் மாமா, 9:52
அக்கா, நம் தோலில் பச்சை ரொம்பக் குறைவு, அதனால் முகத்தைப் பிரிப்பது சுலபம். இன்னொன்று, பெரும்பாலான கேமராக்களின் சென்சாரில் நாலு கட்டத்தில் இரண்டு பச்சைக்கு, ஒன்று சிவப்புக்கு, ஒன்று நீலத்துக்கு. அதனால் பச்சையில் விவரம் அதிகம் கிடைக்கும், முடியோரம் சுத்தமாக வெட்டும். பச்சைச் சேலை கட்ட வேண்டும் என்றால் நீலத் துணி போடலாம். நான் முன்பே எல்லோரிடமும் என்ன உடை என்று கேட்டிருக்க வேண்டும்.

கயல், மாலை 6:20
சித்தி சரியாகிவிட்டார்கள். கரையில் ஒரு பொட்டு ஓட்டை இல்லை. 10 பேர் முடிந்தது. சங்கர் அண்ணன் கிளிப் மட்டும் 71 சதவீதத்தில் நிற்கிறது. மூன்று தடவையும் அதே 71.

குமார் மாமா, 6:24
ஒரே இடம் என்றால் கிளிப்தான். சங்கர், உன் போனில் அந்த வீடியோ எத்தனை எம்பி?

சங்கர் அண்ணன், 6:26
1,140 எம்பி மாமா.

கயல், 6:27
என்னிடம் இருப்பது 812.

குமார் மாமா, 6:28
முழுதாக இறங்கவில்லை. திரும்ப இறக்கு. குழுவில் வீடியோவாக மட்டும் போட்டுவிடாதே சங்கர், சுருக்கிவிடும், முடியோரம் எல்லாம் கட்டம் கட்டமாகப் போகும்.

கயல், இரவு 8:05
1,140 வந்தது. 100 சதவீதம் முடிந்தது!

சனிக்கிழமை

கயல், காலை 10:40
முழு வீடியோ தயார், 24 நிமிடம். ஆனால் பென்டிரைவில் ஏறவில்லை. ஃபைல் பெரிது என்கிறது. பென்டிரைவ் 32 ஜிபி, உள்ளே ஒன்றுமே இல்லை. என் ஃபைல் 5.4 ஜிபிதான்.

சங்கர் அண்ணன், 10:44
அது ஃபாட்32 என்கிற பழைய முறையில் ஃபார்மேட் செய்ததாக இருக்கும் கயல். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது, டிரைவ் எவ்வளவு காலியாக இருந்தாலும். எக்ஸ்ஃபாட் ஆக மாற்றினால் ஏறும்.

குமார் மாமா, 10:58
மண்டபத்தில் திரை போடுகிறவரிடம் இப்போதுதான் பேசினேன். அவருடைய பிளேயர் ஃபாட்32 மட்டும்தான் படிக்குமாம். அதனால் ஃபைலைச் சிறிதாக்குவோம். பிட்ரேட், அதாவது விநாடிக்கு எத்தனை கிலோபிட், என்ன வைத்தாய்?

கயல், 10:59
30,000.

குமார் மாமா, 11:03
20,000 வை. 24 நிமிடம் 1,440 விநாடி. விநாடிக்கு 20 மெகாபிட், எட்டால் வகுத்தால் 3,600 எம்பி. குரலுக்கு ஒரு 60 எம்பி சேர்ந்தாலும் 4 ஜிபிக்குள் நிற்கும். பென்டிரைவுக்கு நேராக எக்ஸ்போர்ட் செய்யாதே, முதலில் லேப்டாப்பில் எடுத்துவிட்டுக் காப்பி செய். இரண்டு பென்டிரைவில் போடு. இன்றிரவு டிவியில் முதலிலிருந்து கடைசி வரை ஓட்டிப் பார்.

கயல், மதியம் 12:15
3.6 ஜிபி! ஏறிவிட்டது. ஆச்சிக்கு மட்டும் காட்டட்டுமா அம்மா?

அம்மா, 1:30
தாத்தா மாடியில் தூங்கும்போது காட்டினேன். ஆச்சி இரண்டு தடவை பார்த்தார்கள். ஒவ்வொரு பேராகச் சொல்லித் திரையைத் தொட்டார்கள். அப்புறம் ஒன்று சொன்னார்கள், குரல் பதிவு போடுகிறேன்.

அம்மா, 1:31
(குரல் பதிவு, 0:38)
“நல்லா இருக்கு தாயி. ஆனா மூணாவது படியில சங்கரை உட்கார வச்சிருக்கியே, அது உங்க தாத்தா இடம். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன், குளிச்சிட்டு அங்கதான் உட்காருவார். அந்த இடத்தைக் காலியா விடு.”

சங்கர் அண்ணன், 1:34
நான் ஐந்தாவது படிக்குப் போகிறேன் கயல். மாற்ற முடியுமா? ரொம்ப வேலையா?

கயல், 1:36
எல்லோரும் தனித் தனி ஃபைலாக இருக்கிறார்கள் அண்ணா, உங்களை மட்டும் நகர்த்தினால் போதும். கீழே நிழலையும் மாற்ற வேண்டும்.

கயல், 2:10
மாற்றிவிட்டேன். மூன்றாவது படி காலி. எக்ஸ்போர்ட் ஓடுகிறது, இன்னும் 14 நிமிடம் காட்டுகிறது. மாமா, 63 தாண்டிவிட்டது.