பட்டம் பெறும் முன்பே வெளிநாட்டுத் திட்டம்: நம் மருத்துவ, தாதிமை மாணவர்கள் செய்வது முறையா?

பிரிக்பீல்ட்ஸ் ஆசிரியை

ஆறாம் படிவத்தில் என்னிடம் உயிரியல் படித்து, இப்போது மருத்துவம், மருந்தியல், தாதிமை என்று பிரிந்து சென்றிருக்கும் மாணவர்கள் தீபாவளிக்கு வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஏறத்தாழ எல்லாருடைய பேச்சும் சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா என்றே சுற்றிச் சுற்றி வந்தது. எந்தத் தேர்வை எப்போது எழுதுவது, ஆங்கிலத் தேர்வில் எத்தனை புள்ளிகள் வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடமாக இருக்கிறது.

நம் மலேசியாவில் அரசாங்கக் கிளினிக்கில் ஒரு குடிமகன் 1 ரிங்கிட் கட்டி மருத்துவரைப் பார்க்கிறார்; நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட். தோட்டங்களை விட்டு வந்து நகரத்து மலிவு விலை அடுக்குமாடிகளில் வாழும் நம் மக்களில் எத்தனையோ பேருக்கு, நீரிழிவு என்றாலும் சிறுநீரகக் கோளாறு என்றாலும் இந்த ஏற்பாட்டை விட்டால் வேறு கதியில்லை. மாணவர்கள் ஊசி போடவும் வயிற்றைத் தொட்டுப் பார்க்கவும் கற்றுக்கொள்வது இதே நோயாளிகளிடம்தான். 2030இல் மக்கள்தொகையில் சுமார் 15 விழுக்காட்டினர் 60 வயதைத் தாண்டியிருப்பார்கள் என்று கணிக்கப்படுகிறது. அவர்களை யார் பார்ப்பது?

யாரும் எங்கும் போகக்கூடாது என்று நான் வாதாடவில்லை. அரசாங்க மருத்துவமனையில் ஒரு நாள்கூட வேலை பார்க்காத ஒருவர், இது எனக்கு வேண்டாம் என்று முன்கூட்டியே முடிவு கட்டுவது முறையா என்பதுதான் என் கேள்வி.

பினாங்கு இறுதியாண்டு மாணவி

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நான் ஒரு நாள்கூட வேலை பார்க்கவில்லை என்பது உண்மை. ஆனால் வேலை பார்த்தவர்களின் நிலையை நான்கு ஆண்டுகளாக வார்டிலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

2016 டிசம்பர் முதல் புதிய மருத்துவர்கள் நிரந்தரப் பணியில் சேர்க்கப்படாமல் ஒப்பந்த அடிப்படையில் நியமிக்கப்பட்டார்கள். அன்றுமுதல் 2021 மே வரை ஒப்பந்தத்தில் சேர்ந்த 23,077 மருத்துவ அதிகாரிகளில் நிரந்தரப் பணி கிடைத்தது 789 பேருக்கு மட்டுமே. நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. கோவிட் உச்சத்தில் இருந்த 2021 ஜூலை 26ஆம் நாள் காலை 11 மணிக்கு ஒப்பந்த மருத்துவர்கள் கறுப்பு உடையில் மருத்துவமனை வாசல்களுக்கு வந்து நின்றது எதனால் என்பதை இந்த எண்களே சொல்லும். நான் அப்போது மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கத் தயாராகிக்கொண்டிருந்தேன். என் தலைமுறை இந்தத் தொழிலைப் பற்றி முதலில் அறிந்த செய்தியே அதுதான்.

பணத்துக்காக ஓடுகிறோம் என்று சொல்வது எளிது. பணமும் ஒரு காரணம், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் என் வகுப்பில் நாங்கள் உட்கார்ந்து பேசும்போது திரும்பத் திரும்ப எழும் கேள்வி வேறு: நான் எப்போது நிபுணராவேன்? வெளிநாட்டில் இதற்கு ஒரு வரைபடம் இருக்கிறது. இன்ன தேர்வு, அதன்பின் இன்ன பதிவு, அதன்பின் இத்தனை ஆண்டுப் பயிற்சி என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்திலும் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்திலும் படிக்கும் என் தோழியருக்கு, தங்கள் பட்டம் சிங்கப்பூரின் அங்கீகாரப் பட்டியலில் இருப்பது முதலாண்டிலேயே தெரியும். பினாங்கிலேயே ஐரிஷ் பல்கலைக்கழகங்களோடு இணைந்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதன் மாணவர்கள் பாதிக் கல்வியை டப்ளினில் முடித்துவிட்டு இங்கே வருகிறார்கள்.

இங்கேயோ, உள்நாட்டுப் பல்கலைக்கழகத்தின் முதுகலைப் படிப்புக்கு மாற்றாக அரசாங்க மருத்துவமனைகளிலேயே வேலை பார்த்தபடி பயிலும் இணைப் பயிற்சி வழியில் பல ஆண்டுகள் பயின்று, எடின்பரோ அறுவை மருத்துவக் கல்லூரியின் தேர்விலும் தேறிய இதய அறுவை மருத்துவர்களை நிபுணர் பதிவேட்டில் சேர்க்க மறுத்தார்கள். விவகாரம் நீதிமன்றம் வரை போய், 2024இல் மருத்துவச் சட்டத்தையே திருத்த வேண்டியதாயிற்று. இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு மாணவி மாற்று வழியைத் தேடி வைத்துக்கொள்வதை அவசரம் என்று எப்படிச் சொல்வது?

செந்தூல், ஓய்வுபெற்ற தாதி

மகளே, நீ சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் இங்கே பேச்செல்லாம் மருத்துவர்களைப் பற்றியே போகிறது. தாதியர் போவதால் வார்டில் என்ன நடக்கிறது என்பதை நான் சொல்கிறேன்.

டெங்கி நோயாளிக்கு ஐந்தாம் நாள் காய்ச்சல் விடும். புதிதாக வந்த தாதி வெப்பமானியைப் பார்த்துவிட்டு, அப்பாடா, இறங்கிவிட்டது என்று அட்டவணையில் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவாள். ஆபத்து தொடங்குவதே அந்த வேளையில்தான். அனுபவமுள்ளவள் நோயாளியின் கையைத் தொடுவாள். விரல்கள் சில்லென்று இருந்தால் நகத்தை அழுத்திவிட்டு, இரத்தம் திரும்பிவர எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பாள். இரத்த அழுத்தத்தின் மேல் எண்ணும் கீழ் எண்ணும் நெருங்கி வருகின்றனவா என்று கவனிப்பாள். உடனே மருத்துவரை எழுப்புவாள். பாடநூலில் இது இருக்கிறது. ஆனால் இரவு 9 மணிக்கு ஏறிக் காலை 7 மணிக்கு இறங்கும் பணியில், நள்ளிரவு தாண்டிய பிறகு, பக்கத்தில் நின்று ஒருத்தி காட்டிக்கொடுத்தால்தான் அது கையில் படியும்.

இப்போது சவுதிக்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்கள் அந்தக் காட்டிக்கொடுக்கும் வயதில் உள்ளவர்கள். ஐந்தாறு ஆண்டு அனுபவம் பெற்றதும் கிளம்பிவிடுகிறார்கள். போகும் பெண்ணுக்குப் பதிலாகப் புதியவள் ஒருத்தி வந்துவிடலாம். அவளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியவள்தான் போய்விட்டாளே. நீயும் நாளை பயிற்சி மருத்துவராக அந்த வார்டுக்குத்தான் வருவாய். உன்னை எழுப்ப வேண்டியவள் அங்கே இருக்கமாட்டாள்.

பட்டர்வொர்த் தந்தை

சிஸ்டர் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் பிள்ளைகளைக் கட்டிவைக்கும் இந்த வாதத்தை என்னால் ஏற்க முடியாது. என் மகன் அரசாங்கச் செலவில் படிக்கவில்லை. ஆறாம் படிவ இறுதித் தேர்வான எஸ்டிபிஎம்மில் நல்ல புள்ளிகள் வாங்கியும் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ இடம் கிடைக்காமல், தனியார் கல்லூரியில் மூன்று இலட்சம் ரிங்கிட்டுக்கும் மேல் செலவு செய்து படிக்கவைத்திருக்கிறோம். பிடிபிடிஎன் எனும் அரசாங்கக் கல்விக் கடன் போக, மீதிக்கு வீட்டை அடகு வைத்தோம். ஒரு சிங்கப்பூர் வெள்ளி நம் பணத்தில் மூன்று ரிங்கிட்டுக்கும் மேல். அவன் அங்கே போனால் வீடு சீக்கிரம் மீளும், அவ்வளவுதான் கணக்கு.

தாதியர் போகிறார்கள் என்று வருந்துகிறோமே, அவர்களை இருக்கவைக்க என்ன செய்தோம்? 2024 டிசம்பரில் வார வேலை நேரத்தை 42 மணியிலிருந்து 45 மணியாக உயர்த்தப் பார்த்தார்கள். எதிர்ப்பு வந்த பிறகுதான் தள்ளிவைத்தார்கள். அதே ஆண்டில் சிங்கப்பூர், பொது மருத்துவமனைகளில் நீண்ட காலம் பணியாற்றும் தாதியருக்கு 20 ஆண்டுகளில் 1,00,000 சிங்கப்பூர் வெள்ளி வரை வழங்கும் திட்டத்தை அறிவித்தது. அங்கே பணிபுரியும் வெளிநாட்டுத் தாதியருக்கும் அது உண்டு. எது தன்னை மதிக்கிறது என்று ஒரு பெண்ணுக்குத் தெரியாதா?

பிரிக்பீல்ட்ஸ் ஆசிரியை

ஐயா, உங்கள் மகனுக்கும் அரசாங்க உபகாரச் சம்பளத்தில் படித்தவருக்கும் ஒரே கடமை என்று நான் கருதவில்லை. இருந்தாலும் உங்கள் மகன் எந்த மருத்துவமனையில் பயின்றான்? கல்லூரி தனியாருடையதாக இருந்தாலும், மருத்துவப் பயிற்சிக்கு மாணவர்கள் பெரும்பாலும் அரசாங்க மருத்துவமனைக்குத்தான் அனுப்பப்படுகிறார்கள். அங்கே கட்டிலில் படுத்திருக்கும் முதியவர் மாணவர் கூட்டத்துக்குத் தம் நெஞ்சைத் திறந்து காட்டுகிறாரே, அதை நீங்கள் கட்டிய கட்டணத்தில் எந்த வரியில் சேர்ப்பது?

மாணவிக்கு ஒன்று. நீ தந்த எண்கள் 2021ஆம் ஆண்டோடு நின்றுவிடுகின்றன. அந்தப் போராட்டத்துக்குப் பின் ஆயிரக்கணக்கான நிரந்தரப் பணியிடங்கள் திறக்கப்பட்டன. கடல் கடந்த கிழக்கு மாநிலங்களான சபாவிலும் சரவாக்கிலும் இடம் கிடைத்தபோது போக மறுத்தவர்களும் உண்டு. நீ நம்பும் வெளிநாட்டு வரைபடமும் கல்லில் செதுக்கியது போல் நிலையானதில்லை. பிரிட்டனில் இளநிலை மருத்துவர்கள் 2023 முதல் ஊதியத்துக்காக மீண்டும் மீண்டும் வேலைநிறுத்தம் செய்தார்கள். நிபுணத்துவப் பயிற்சி இடங்களில் தன் நாட்டுப் பட்டதாரிகளுக்கே முன்னுரிமை தரப்போவதாக 2025இல் அந்நாடு அறிவித்துவிட்டது. தேர்வுக்கட்டணம் கட்டிவிட்டுப் பயிற்சி இடம் கிடைக்காமல் அங்கே நிற்கும் பிள்ளைகளைப் பற்றி உங்கள் வகுப்பில் பேசுகிறீர்களா?

பினாங்கு இறுதியாண்டு மாணவி

பேசுகிறோம், ஆசிரியை. பிரிட்டனை நம்பியிருந்த சிலர் இப்போது ஆஸ்திரேலியாவைப் பார்க்கிறார்கள். இங்கேயே இருந்துவிடலாம் என்று மனம் மாறியவர்களும் இருக்கிறார்கள். புதிய பணியிடங்கள் வந்ததும் உண்மையே. சபாவுக்குப் போக நான் அஞ்சவில்லை. எத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பலாம், அங்கே இருக்கும்போதே நிபுணத்துவப் பயிற்சியில் சேர முடியுமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் கிடைத்தால் நாளைக்கே விண்ணப்பிப்பேன். அங்கே இப்போது பணியாற்றும் எங்கள் கல்லூரி முன்னாள் மாணவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது.

சிஸ்டர் எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் சரியாக இல்லை. கட்டிலருகே கற்றுக்கொடுப்பவர் இல்லாமல் போவதைப் பற்றி நாங்கள் யாரும் பேசியதே இல்லை. ஒன்று கேட்கட்டுமா? உங்களோடு வேலை பார்த்துவிட்டுச் சவுதிக்குப் போனவர்களில் யாராவது, எது மாறியிருந்தால் இங்கேயே இருந்திருப்பேன் என்று உங்களிடம் சொன்னதுண்டா?

செந்தூல், ஓய்வுபெற்ற தாதி

சொல்லியிருக்கிறாள், மகளே. என் கீழ் வேலை பழகி, இப்போது ரியாத்தில் இருப்பவள். சம்பளத்தை அவள் முதலில் சொல்லவில்லை. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, பணிப் பட்டியலில் இரவுப் பணியைக் குறைக்கும்படி கேட்டாள். ஆள் இல்லை என்றார்கள். கணவரும் இரவுப் பணி, மாமியார் ஈப்போவில். இரண்டு முறை விடுப்பும் மறுக்கப்பட்ட பிறகு முகவரிடம் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டாள். அந்த மாதமே இரவுப் பணியைக் குறைத்துக் கொடுத்திருந்தால் போயிருக்கமாட்டேன் சிஸ்டர் என்று விமான நிலையத்திலிருந்து என்னிடம் தொலைபேசியில் சொன்னாள்.