உதவி தேவை: பயிற்சியில் எல்லாரும் 20க்கு 20, ஆனாலும் ஓடும் மெஷினில் கை வைக்கிறார்கள்

கேட்டவர் (பல்லடம் பக்கம், நூற்பாலை)
வணக்கம். ஒரு மில்லில் பயிற்சிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். மூன்று ஷிஃப்ட், சுமார் 400 பேர். பாதி உள்ளூர், மீதி ஒடிசா, பீகார், அசாம். பாதுகாப்புப் பயிற்சியை இரண்டு வருடமாக ஆன்லைனில் நடத்துகிறோம். விலைக்கு வாங்கிய பாடம்: 45 நிமிட வீடியோ, கடைசியில் 20 கேள்வி.

எல்லாரும் பாஸ். ஆனால் போன மாதம் ரிங் ஃபிரேமில் (நூல் நூற்கும் மெஷின்) ஒரு பையன், ரோலரில் சுற்றிய பஞ்சை மெஷின் ஓடும்போதே கொக்கியால் இழுக்கப் போய் விரல் நுனி கிழிந்தது. நான்கு தையல். அவன் மதிப்பெண்ணை எடுத்துப் பார்த்தேன்: 20க்கு 20. விசாரித்தால், விடைகள் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. வீடியோவை ஓடவிட்டுவிட்டு ஹாஸ்டலில் துணி துவைக்கிறார்கள். எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வீடியோவை ஓட்டித் தள்ள முடியாதபடி பூட்டிப் பார்த்தேன். கார்ட்டூன் சேர்த்தேன். முதலில் முடிக்கும் பத்துப் பேருக்குப் பரிசு வைத்தேன், இன்னும் அவசரமாக முடித்தார்கள். வேறு என்ன செய்யலாம்?

நொய்யல்கரை (திருப்பூர், சாயப்பட்டறை)
சார், உங்கள் வீடியோவில் வருகிற மெஷின் உங்கள் மில்லில் இருக்கிறதா? எங்களுக்கு வந்த பாடத்தில் ஏதோ வெளிநாட்டுத் தொழிற்சாலை. எங்கள் ஆட்கள் அதை சினிமா மாதிரிதான் பார்த்தார்கள்.

நாங்கள் அதை விட்டுவிட்டு, எங்கள் கழிவுநீர்த் தொட்டியையே செல்போனில் படம் எடுத்தோம். பேச்சே கிடையாது. தொட்டி மூடி திறந்திருக்கிறது, உள்ளே ஒருவர் மயங்கிக் கிடக்கிறார் (எங்கள் எலக்ட்ரீஷியன்தான், காலித் தொட்டியைச் சோதித்து, காற்றோட்டம் வைத்த பிறகு நடித்தார்). படம் அங்கேயே நிற்கும். "மேலே நிற்பது நீங்கள். இப்போது என்ன செய்வீர்கள்?" கிட்டத்தட்ட எல்லாரும் "இறங்கித் தூக்குவேன்" என்றுதான் அமுக்கினார்கள். நல்ல மனசுக்காரர்கள் செய்வது அதுதான், இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும் சாவதும் அப்படித்தான். அதற்கப்புறம்தான் விளக்கம் வரும்: இந்த மாதிரித் தொட்டியில் சேரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு முதலில் அழுகிய முட்டை மாதிரி நாறும், அளவு கூடினால் மூக்கே மரத்துவிடும். வாடை நின்றது என்றால் ஆபத்து போய்விட்டது என்று அர்த்தமில்லை. தப்பான விடையைத் தன் கையாலேயே அமுக்கியவர் அந்த விளக்கத்தைக் காது கொடுத்துக் கேட்கிறார். விளக்கத்தை முதலில் சொன்னால் யாரும் கேட்பதில்லை.

சைடர் அக்கா (உடுமலை)
தம்பி, நான் பதினொரு வருடம் சைடராக (ரிங் ஃபிரேமைக் கவனித்து அறுந்த நூலை ஒட்டுகிற ஆள்) இருந்து இப்போது சூப்பர்வைசராக இருக்கிறேன். அந்தப் பையன் விடை தெரியாமல் கை வைக்கவில்லை. மேல் ரோலரில் பஞ்சு சுற்றினால், அந்த ரோலரைப் பிடித்திருக்கும் ஆர்மைத் தூக்கி எடுத்துவிடலாம். அடி ரோலர் மெஷின் நீளத்துக்கும் ஒன்றாக ஓடுகிறது, ஒரு இடத்தில் மட்டும் நிறுத்த வழியில்லை. முழு மெஷினையும் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் மேஸ்திரி வந்து "ஏன் நிறுத்தினாய்?" என்று கேட்பார். உங்கள் வீடியோ நிறுத்து என்கிறது, மேஸ்திரி ஓட்டு என்கிறார். பத்தொன்பது வயசுப் பையன் யார் பேச்சைக் கேட்பான், சொல்லுங்க?

அதனால் பாடத்தை முதலில் மேஸ்திரிகளுக்கு வையுங்கள். "நிறுத்து" என்று சொல்வது மேஸ்திரியின் குரலாகவே இருக்கட்டும். அவரே பேசிப் பதிவு செய்யட்டும்.

அப்புறம் வார்த்தை. "தனிநபர் பாதுகாப்பு உபகரணம்" என்றால் எங்களுக்கு யாருக்கும் புரியாது. மாஸ்க், தொப்பி என்று சொல்லுங்கள். ஒடியாப் பிள்ளைகளுக்கு, அங்கிருந்து வந்து மூத்த சைடராக ஆனவரையே பேச வையுங்கள். பயிற்சியை ஷிஃப்ட் நேரத்துக்குள் நடத்துங்கள். தூங்குகிற நேரத்தை எடுத்துக்கொண்டு பாதுகாப்பு பற்றிப் பேசாதீங்க.

வார்ப்பட ஃபிட்டர் (கோவை)
அக்கா சொன்னதே முக்கியம். நான் சேர்ப்பது ஒன்றுதான்: வருடத்துக்கு ஒரு தடவை 45 நிமிடம் வேண்டாம். வாரம் ஒரு கேள்வி போதும். ஒரே தடவை படித்தது எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1885லேயே தன்னை வைத்துச் சோதித்து எழுதிவிட்டார். எங்கள் ஃபவுண்டரியில் மழை பெய்கிற நாளில்தான் ஈர ஸ்கிராப் (உருக்கப் போடும் பழைய இரும்பு) பற்றிய கேள்வியை அனுப்புவோம். உருகிய இரும்பில் ஈரம் விழுந்தால் நீராவி வெடிக்கும். அன்றைக்கு அது கண் முன்னால் கிடக்கிற விஷயம்.

கேட்டவர்
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லாருக்கும் நன்றி. 45 நிமிட வீடியோவை எடுத்துவிட்டேன். ஷிஃப்ட் தொடங்கியதும் நான்கு நிமிடம், எங்கள் டிபார்ட்மெண்ட் படம், ஒரு கேள்வி.

முதல் வாரம் கார்டிங் (பஞ்சைச் சிக்கெடுத்துச் சுத்தம் செய்யும் பிரிவு). "ஸ்விட்சை அணைத்தாச்சு. சிலிண்டர் முழுசாக நிற்க எவ்வளவு நேரம்?" பாதிக்கு மேல் "உடனே" என்று அமுக்கினார்கள். மெஷின் பக்கத்தில் நிற்க வைத்து வாட்ச்சைப் பார்க்கச் சொன்னோம். நிமிடங்கள் போய்க்கொண்டே இருந்தன, சிலிண்டர் சுற்றிக்கொண்டே இருந்தது. யாரும் பேசவில்லை. இந்தத் தப்பு விடைகள் எனக்கு அந்த 20க்கு 20ஐ விடப் பெரிய நிம்மதி. யாருக்கு எது தெரியவில்லை என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

இரண்டாம் வாரம் ஒரு டாஃபர் பெண் (நூல் நிறைந்த குழல்களைக் கழற்றி மாற்றுபவள்) தானாகவே ஒரு படம் அனுப்பினாள். ஒரு கார்டிங் மெஷினில், கதவு திறந்திருந்தாலும் ஓடும்படி சென்சாரில் காந்தம் ஒட்டி வைத்திருந்தார்கள். அன்றைக்கே எடுத்துவிட்டோம்.

மேஸ்திரி விஷயம்தான் இன்னும் பாக்கி. ஒருவர் குரல் பதிவுக்குச் சம்மதித்துவிட்டார். மற்றவர்கள், நிறுத்திய நேரம் உற்பத்திக் கணக்கில் தங்கள் தலையில் விழுமே என்கிறார்கள். அக்கா, உங்கள் மில்லில் அதை எப்படிச் சரி செய்தீர்கள்?

சைடர் அக்கா (உடுமலை)
ஷிஃப்ட் ரிப்போர்ட்டில் தனிக் கட்டம் போட்டோம் தம்பி: "சுற்றல் எடுக்க நிறுத்தியது". அந்த நிமிடங்களை மேஸ்திரி கணக்கில் சேர்ப்பதில்லை. மேனேஜர் கையெழுத்துப் போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். அதைப் பார்த்த பிறகுதான் மற்ற மேஸ்திரிகள் சம்மதித்தார்கள். உங்கள் மேனேஜரிடம் அதைக் கேளுங்க. அந்தக் கட்டத்தில் அடிக்கடி ஒரே மெஷின் நம்பர் வந்தால் ஃபிட்டரைக் கூப்பிடுங்கள், சுற்றல் ஏன் விழுகிறது என்று அவர் பார்ப்பார்.