தினக்கூலி ஊழியர் இறந்தால் வாரிசு வேலை: மனு எங்கே இடிக்கிறது

மனு எழுத உட்காரும் முன், இறந்தவர் எந்த நிலையில் இறந்தார் என்று பாருங்கள். கருணை நியமனத்துக்கான (இறந்த ஊழியரின் வாரிசுக்குத் தரும் வேலை) மத்திய அரசின் 1998 திட்டத்தில் அரசு ஊழியர் என்றால் முறைப்படி நியமிக்கப்பட்டவர் மட்டுமே. தினக்கூலி, கேஷுவல், ஒப்பந்தம் மூன்றும் வெளிப்படையாக விலக்கப்பட்டிருக்கின்றன. "இருபது வருஷம் உழைத்தார்" என்று மட்டும் எழுதிய மனு இரண்டு வரி பதிலோடு திரும்பிவிடும். கருணை நியமனம் உரிமை அல்ல என்ற 1994 உமேஷ் குமார் நாக்பால் தீர்ப்பையும் மேற்கோள் காட்டுவார்கள்.

ஆகவே மனுவின் உயிர், சாவதற்கு முன்பே அவர் நிரந்தரத்துக்குத் தகுதி பெற்றிருந்தார் என்று காட்டுவதில்தான் இருக்கிறது. தமிழக அரசுத் துறை என்றால் 28.2.2006 தேதியிட்ட அரசாணை 22: 1.1.2006 அன்று 10 ஆண்டு முடித்த தினக்கூலிகளுக்குப் பணிவரன்முறை, அதாவது வேலையை முறைப்படுத்துவது. அதற்காகத் துறை அனுப்பிய முன்மொழிவில் அவர் பெயர் போனதா, ஆணை வரும் முன் இறந்தாரா என்பதைத் தேதியோடு எழுதுங்கள். தொழில் நிறுவனம் என்றால் 1981 தமிழ்நாடு நிரந்தரத் தகுதிச் சட்டம்: 24 மாதத்தில் 480 நாள் வேலை.

நாள் கணக்குக்கு ஆதாரம் மஸ்டர் ரோல் (தினக்கூலிகளின் வருகைப் பதிவேடு), சம்பளப் பட்டுவாடாப் பதிவேடு, பி.எஃப். பாஸ்புக். தகவல் உரிமை மனுவில் "எத்தனை நாள் வேலை செய்தார்?" என்று கேட்காதீர்கள், தொகுத்த தகவல் இல்லை என்று முடித்துவிடுவார்கள். எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்று குறிப்பிட்டு, பதிவேட்டின் சான்றிட்ட நகல் கேளுங்கள்.

*

ரயில்வேக்குக் கணக்கு வேறு, தோழர். ஓப்பன் லைனில் (ரயில் ஓடும் பாதையின் அன்றாட வேலை) தொடர்ந்து 120 நாள், புராஜெக்ட்டில் (கட்டுமானப் பணி) 360 நாள் முடித்தால் டெம்ப்ரரி ஸ்டேட்டஸ், அதாவது தற்காலிக ஊழியர் தகுதி. அதை வைத்து எல்லாம் கிடைத்துவிடும் என்று குடும்பத்துக்குச் சொல்வது பெரிய தவறு. 1997 ரபியா பிக்கானேர் வழக்கில், ஸ்டேட்டஸ் இருந்தும் ஸ்கிரீனிங் (நிரந்தரமாக்கும் முன் நடக்கும் தேர்வு) முடிந்து பணியிடத்தில் அமர்த்தப்படாதவரின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே ஸ்டேட்டஸ் ஆணை, ஸ்கிரீனிங் பட்டியல் இரண்டையும் தேடி எடுங்கள். வேலை மனுவையும் ஓய்வூதிய மனுவையும் ஒன்றாகக் கட்டாதீர்கள். ஒன்றுக்கான மறுப்பு மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும்.

*

தமிழக அரசில் இறந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் விண்ணப்பம் போயாக வேண்டும். வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டிருப்பது கணக்கில் வராது. தபால் ஒப்புகை அட்டை வேண்டும். பெயர் பொருத்தம் இன்னொரு தலைவலி: மஸ்டர் ரோலில் கூப்பிடும் பெயர், ஆதாரில் முழுப்பெயர். இருவரும் ஒருவரே என்ற சான்றை, வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றுக்குப் போகும்போதே வாங்கிவிடுங்கள். மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதமும் சேரட்டும்.

வேலைக்காகக் காத்திருந்து கைக்கு வர வேண்டிய பணத்தை விடுவதுதான் மனசை உறுத்துகிறது. பி.எஃப். பிடித்திருந்தால் படிவம் 20, பென்ஷனுக்கு 10டி, இன்சூரன்சுக்கு 5ஐஎஃப். இந்த இன்சூரன்சில் 7 லட்சம் ரூபாய் வரை வாய்ப்புண்டு. கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) 5 ஆண்டு நிபந்தனை இறப்புக்குப் பொருந்தாது. வேலையில் நடந்த விபத்து என்றால் இழப்பீட்டு மனுவை 2 ஆண்டுக்குள் போடுங்கள். பாதாளச் சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்கு நிரந்தர ஊழியரா என்ற கேள்வியே கிடையாது.