‘அழகாக’ என்பதற்கு பியூட்டிஃபுல்லா, பியூட்டிஃபுல்லியா? வினைச்சொல், வினையடை பற்றி ஓர் ஐயம்

கேட்டவர்: ஏழாம் வகுப்புத் தந்தை

அனைவருக்கும் வணக்கம். என் மகள் ஆங்கில வழியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டில் அவளுக்கு இலக்கணம் சொல்லிக் கொடுப்பவன் நான். நான் படித்ததோ தமிழ் வழியில். வினைச்சொல் செயலைச் சொல்லும், அந்தச் செயல் எப்படி நடந்தது என்பதை வினையடை, அதாவது அட்வெர்ப், சொல்லும். ஆகவே ‘எப்படி’ என்று கேட்டால் வருகிற விடைதான் வினையடை என்று அவளுக்குச் சொல்லி வைத்திருந்தேன். ‘ஷீ சிங்ஸ் பியூட்டிஃபுல்லி’ என்று அவள் எழுதியதற்குச் சரி போட்டிருக்கிறார்கள். அடுத்த வரியில் ‘ஷீ லுக்ஸ் பியூட்டிஃபுல்லி’ என்று எழுதியதற்குச் சிவப்பு மையில் வட்டமிட்டு, கடைசி இரண்டு எழுத்துகளை அடித்திருக்கிறார்கள். ‘அழகாகப் பாடுகிறாள்’, ‘அழகாக இருக்கிறாள்’ என்ற இரண்டிலும் வருவது ஒரே ‘அழகாக’ தானே? ‘ஹீ ஒர்க்ஸ் ஹார்ட்லி’ என்பதையும் தவறு என்கிறார்கள். அடுத்த வாரம் தேர்வு, விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி: கரும்பலகை

லுக்ஸ் என்பதும் வினைச்சொல்தான்; வினைச்சொல்லைத் தழுவி வருவது வினையடைதான். திருத்தியவர் கவனிக்காமல் அடித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

மறுமொழி: பழைய வாத்தியார்

திருத்தியதே சரி, ஐயா. பிழைக்குக் காரணம் உங்கள் மகள் அல்லள். நாம் எல்லோரும் சொல்லிக் கொடுக்கும் அந்த ‘எப்படி’தான்.

தமிழில் ‘ஆக’ என்ற ஈறு இரண்டு வேலை பார்க்கிறது. ‘அழகாகப் பாடுகிறாள்’ என்னும்போது அழகு பாட்டுக்கு உரியது. பாடுகிறவள் பார்ப்பதற்கு எப்படி இருந்தாலும் வாக்கியம் பொய்யாகாது. ‘அழகாக இருக்கிறாள்’ என்னும்போது அழகு அவளுக்கே உரியது. ‘இருக்கிறாள்’ என்பது அந்த அழகை அவளோடு சேர்த்துக் கட்டும் கயிறு மட்டுமே. இந்த வேறுபாட்டைத் தமிழ் சொல்லின் உருவத்தில் காட்டுவதில்லை, ஆங்கிலம் காட்டுகிறது. அதனால் ‘எப்படி’ என்று கேட்பதை விட்டுவிட்டு, ‘அழகு யாருக்கு, ஆளுக்கா செயலுக்கா?’ என்று கேட்கச் சொல்லுங்கள். ஆளுக்கு என்றால் பெயரடை, அதாவது அட்ஜெக்டிவ்; செயலுக்கு என்றால் வினையடை. லுக், ஸ்மெல், டேஸ்ட், ஃபீல், சவுண்ட், சீம் ஆகியவை பெரும்பாலும் இப்படிக் கயிறாக நிற்கும் வினைகள். ஐயம் வந்தால் அந்த இடத்தில் ‘இஸ்’ போட்டுப் பார்க்கலாம். ‘ஷீ இஸ் பியூட்டிஃபுல்’ நிற்கிறது, ‘ஷீ இஸ் பியூட்டிஃபுல்லி’ நிற்கவில்லை.

ஹார்ட்லி வேறு கதை. பழைய ஆங்கிலத்தில் பெயரடையோடு ஓர் எகரத்தைச் சேர்த்தாலே வினையடை ஆகிவிடும். அந்த எகரம் காலப்போக்கில் உதிர்ந்துவிட்டதால் ஹார்ட், ஃபாஸ்ட் போன்றவை இரண்டு வேலைக்கும் ஒரே உருவத்தில் நிற்கின்றன. ஹார்ட்லி என்பதற்கு இன்று ‘அநேகமாக இல்லை’ என்றுதான் பொருள். ‘ஹீ ஹார்ட்லி ஒர்க்ஸ்’ என்று எழுதினால், உழைப்பாளியைச் சோம்பேறி என்று சொன்னதாகிவிடும். அதே ‘லி’யில் முடியும் ஃப்ரெண்ட்லி, லவ்லி இரண்டும் பெயரடைகள்; ஆகவே ஈற்றை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

கேட்டவர்

மிக்க நன்றி, ஐயா. மகளிடம் கேட்டுப் பார்த்தேன், உடனே பிடித்துக்கொண்டாள். ஆனால் அவளுடைய பயிற்சிப் புத்தகத்தில் ‘ஷீ லுக்ட் ஆங்ரிலி அட் தி டாக்’ என்று அச்சாகியிருக்கிறது. லுக் கயிறு என்றால் இது எப்படிச் சரியாகும்?

மறுமொழி: பழைய வாத்தியார்

அங்கே லுக் கயிறு அன்று, உண்மையான செயல். அவள் கண்ணைத் திருப்பி நாயைப் பார்க்கிறாள், அந்தப் பார்வையில் கோபம் இருக்கிறது. ‘ஷீ லுக்ட் ஆங்ரி’ என்றால் அவள் முகம் கோபமாகத் தெரிந்தது என்று பொருள். அவள் எதையும் பார்த்திருக்க வேண்டியதில்லை. வீட்டு அடுப்படியிலேயே இதைக் காட்டலாம். அம்மா கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் விட்டு உப்புப் பார்க்கும்போது ‘ஷீ டேஸ்டட் தி ரசம் கேர்ஃபுல்லி’. ருசி பார்ப்பது அம்மாவின் செயல். பிறகு ‘தி ரசம் டேஸ்டட் குட்’. ரசம் எதையும் ருசி பார்க்கவில்லை, ஆகவே குட் என்பதன் வினையடையான ‘வெல்’ என்று எழுதக் கூடாது.

மறுமொழி: கரும்பலகை

நான் சொன்னது தவறு, பொறுத்துக்கொள்ளுங்கள். தமிழாசிரியன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். நம் மரபிலக்கணத்தில் பெயர், வினை, இடை, உரி என்று நான்கே சொல்வகை. வினையடைக்குத் தனி இடம் இல்லை. ‘மெல்ல வந்தான்’ என்பதில் ‘மெல்ல’ என்பதைக் குறிப்பு வினையெச்சம் என்று வினையின் வீட்டிலேயே சேர்த்திருக்கிறார்கள். நான் வழுக்கியது அங்கேதான்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. மகள் இன்று காலை ஒரு கேள்வி போட்டாள்: வெல் வினையடை என்றால் ‘ஐ ஆம் வெல்’ என்று மட்டும் எப்படிச் சொல்கிறார்கள்?

மறுமொழி: பழைய வாத்தியார்

நல்ல கேள்வி. அங்கே வெல் என்பதற்கு ‘உடல்நலத்தோடு’ என்று பொருள், அது பெயரடை. நலம் யாருக்கு என்று அவளையே கேளுங்கள்.