மவுண்ட் ரோட்டில் பழைய கட்டடங்கள்: காப்பதா, விடுவதா?

கடைக்காரர் மகன்:
நேற்று பஸ்ஸில் போகும்போது பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தைக் காட்டி, பக்கத்தில் இருந்தவர் "என்ன அழகு!" என்று உருகினார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. 1897-ல் ஸ்மித் என்ற மருந்து வணிகர் கட்டியது. 2006-ல் இடிக்கத் தொடங்கினார்கள், வழக்குப் போட்டு நிறுத்தினார்கள். இடிக்கக் கூடாது என்று 2010-ல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரி, இடிக்கவில்லை. பிறகு? ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. சென்னையிலேயே விலை மிகுந்த மண்ணில் புறாக்களுக்கு ஒரு மாளிகை! யாருக்கு என்ன லாபம்?

சுண்ணாம்புச் சாந்து:
கட்டடத்தைப் பூட்டிவைத்தது தீர்ப்பா? இடிக்காதே என்றால் பராமரிக்காதே என்று பொருளா? சுவரில் அரசங்கன்று இரண்டு இலை விடும்போது பிடுங்கினால் ஐந்து நிமிட வேலை. பத்து வருடம் விட்டுவிட்டு "பாருங்கள், சுவர் பிளந்துவிட்டது, இடிக்கத்தான் வேண்டும்" என்பது பழைய தந்திரம்.

வாசகி:
அதே சாலையில் ஹிக்கின்பாதம்ஸைப் பாருங்கள். 1904-ல் கட்டிய கட்டடம். வெள்ளை முகப்பு, உள்ளே கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தரை, வண்ணக் கண்ணாடி. சின்ன வயதில் கறுப்புக் கட்டத்தில் மட்டும் கால் வைத்து நடப்பேன், அப்பா புத்தகம் தேடிக்கொண்டிருப்பார். அது நிற்பதற்குக் காரணம் எந்தத் தீர்ப்பும் இல்லை. தினமும் யாரோ கதவைத் திறக்கிறார்கள், பெருக்குகிறார்கள், ஒழுகினால் உடனே தெரிகிறது.

கடைக்காரர் மகன்:
அம்மா, அங்கே வியாபாரம் நடக்கிறது. நடக்காத இடத்தில்? திருவல்லிக்கேணியில் என் தாத்தா கட்டிய கடை இருக்கிறது. 1960-ம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வந்த பழைய குடித்தனக்காரர்கள். அவர்கள் தந்த வாடகையில் ஓடுகூட மாற்ற முடியவில்லை. மொட்டைமாடி ஒழுகியது, பொறியாளர் சொன்னபடி சிமெண்ட் பூசினோம். இரண்டு மழைக்காலத்தில் முன்பைவிட மோசம். உத்தரம் உளுத்துவிட்டது. அழகு என்று கை காட்டுகிறவர்கள் யாரும் இதற்கு ஒரு மூட்டை மணல் தரவில்லை.

சுண்ணாம்புச் சாந்து:
அந்தப் பொறியாளரைக் கோபித்துப் பயனில்லை, எல்லோரும் செய்கிற தவறுதான். உங்கள் மாடி மெட்ராஸ் டெரஸ் தானே? தேக்கு உத்தரத்தின் மேல் மெல்லிய செங்கல்லைக் குறுக்காக நிறுத்தி அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய் வெல்லத் தண்ணீர் தெளித்து நாள்கணக்கில் கட்டையால் தட்டுவார்கள். அந்தத் தளம் மூச்சு விடும்: உள்ளே போன ஈரம் வெளியே வந்துவிடும். மேலே சிமெண்டைப் பூசினால் அது மூடி போட்ட பாத்திரம். ஈரம் வெளியேற வழியில்லாமல் உத்தரத்தின் முனையில், சுவருக்குள் புகுந்திருக்கிற பகுதியில், தங்கும். உளுப்பது அங்கிருந்துதான் தொடங்கும்.

பதினாலு மாடி:
சாந்துப் பாடம் நன்றாக இருக்கிறது. எனக்கு வேறு சந்தேகம். 1959-ல் திறந்த எல்.ஐ.சி. கட்டடத்தையும் பாரம்பரியம் என்பீர்களா? அது வந்தபோது ஊரே அண்ணாந்து பார்த்தது. நாளைக்கு அதையும் தொடக்கூடாது என்றால் நகரம் வளர்வது எப்போது? முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் புதிதாகக் கட்டுங்கள். இரண்டு தரப்புக்கும் நிம்மதி.

வாசகி:
முகப்பு மட்டுமா? பி. ஆர் அண்ட் சன்ஸ் கடிகாரக் கடைக்கு என்ன நடந்தது தெரியுமல்லவா? 2011-ல் மெட்ரோ ரயிலுக்காகப் பின்பகுதியை இடித்துவிட்டார்கள். முன்னால் கடிகாரம் மணி காட்டிக்கொண்டிருந்தது, பின்னால் செங்கல் குவியல். எல்.ஐ.சி.யைக் கேட்டீர்கள். ஆம், அதுவும்தான். வெள்ளைக்காரன் கட்டியது மட்டும்தான் பாரம்பரியமா?

கடைக்காரர் மகன்:
அரசே காக்காததை நான் ஏன் காக்க வேண்டும்? அரசினர் தோட்டத்தில் பழைய அரசினர் மாளிகையை இடித்துச் சட்டமன்றம் கட்டினார்கள். 2010-ல் திறந்தார்கள், நான்கே வருடத்தில் அது மருத்துவமனை ஆனது. மருத்துவமனை வேண்டும்தான், மறுக்கவில்லை. மாளிகை திரும்பி வருமா?

சுண்ணாம்புச் சாந்து:
நீங்கள் இப்போது எங்கள் கட்சிக்காகப் பேசுகிறீர்கள், கவனித்தீர்களா?

கடைக்காரர் மகன்:
கவனித்துத்தான் எழுதினேன். இடிப்பதில் எனக்கு ஆசை இல்லை, செலவை என் தலையில் மட்டும் கட்டாதீர்கள் என்கிறேன். பாரம்பரியக் கட்டடங்களுக்கான விதிகளை மும்பையில் 1995-லேயே கொண்டுவந்தார்கள். இங்கே 2012-ல் பாரம்பரிய ஆணையச் சட்டம் இயற்றிவிட்டு, அதை நடைமுறைக்குக் கொண்டுவர 2024 ஆனது. என் உத்தரம் அதுவரை காத்திருக்குமா?

பதினாலு மாடி:
கட்டாமல் விட்ட மாடிகளுக்கான உரிமையை வேறு இடத்தில் கட்டுகிறவருக்கு விற்கலாம் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறதே?

கடைக்காரர் மகன்:
இருக்கிறது. மூன்று கிரவுண்டு கடைக்காரன் அந்தக் கோப்பைத் தூக்கிக்கொண்டு எத்தனை மேசைக்கு அலைவது? அதை விடுங்கள். சாந்து ஐயா, ஒன்று கேட்கிறேன். பூசிய சிமெண்டைச் செதுக்கி எடுத்தால் கீழே இருக்கிற செங்கல் உடையாதா?

சுண்ணாம்புச் சாந்து:
கொஞ்சம் உடையும். இயந்திரம் வேண்டாம், சின்ன உளியால் ஓரத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். முதலில் உத்தரத்தின் முனையை ஒரு ஆணியால் குத்திப் பாருங்கள். ஒரு விரற்கடைக்கு மேல் இறங்கினால், மாடியைத் தொடும் முன் கீழே முட்டுக் கொடுத்துவிடுங்கள். மாசியில் ஆரம்பித்தால் ஐப்பசி மழைக்குள் காய்ந்துவிடும்.