மாசசூசெட்ஸ் தணிக்கையாளரும் அந்தக் குத்துச்சண்டை வீரரும்

வுஸ்டர்வாசி எழுதியது:

நேற்று வேறோர் இழையில் பச்சைமை அவர்கள் போகிற போக்கில் ஒரு வரியை எறிந்துவிட்டுப் போயிருக்கிறார்: "தணிக்கையாளரை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதும், ரயிலில் வரும் டி.டி.ஆரைப் பயணிகளே தேர்ந்தெடுத்துக்கொள்வதும் ஒன்றுதான்." இதற்கு முப்பது பேர் கைதட்டியிருப்பதைப் பார்த்தபோது வந்த எரிச்சலில்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

நான் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பதினான்கு ஆண்டுகளாக வசிப்பவன். 2024 நவம்பரில் வாக்குச்சீட்டில் முதல் கேள்வியாக இருந்தது ஒரே ஒரு விஷயம்: மாநிலத் தணிக்கையாளருக்குச் சட்டமன்றத்தையும் தணிக்கை செய்யும் அதிகாரத்தை வெளிப்படையாகக் கொடுக்கலாமா? பேனாவால் அந்த நீள்வட்டத்தைக் கட்டம் தாண்டாமல் நிரப்பிவிட்டு வந்தவர்களில் நானும் ஒருவன். சுமார் 72 சதவீதம் பேர் 'ஆம்' என்றார்கள். ஆளுநர் முதல் அட்டர்னி ஜெனரல் வரை, சட்டமன்றத்தின் இரு அவைத் தலைவர்கள் உட்பட எல்லோரும் ஒரே ஜனநாயகக் கட்சிக்காரர்களாக இருக்கும் ஒரு மாநிலத்தில், அதே கட்சியைச் சேர்ந்த தணிக்கையாளர் டயானா டிசோக்லியோ தம் கட்சித் தலைவர்களையே எதிர்த்து நிற்க முடிகிறதென்றால், அவருக்கு வேலை கொடுத்தவர்கள் அந்தத் தலைவர்கள் அல்ல, வாக்காளர்கள் என்பதுதான் காரணம். 1855இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி இந்தப் பதவியை மக்கள் தேர்வுக்கு விட்டவர்கள் முட்டாள்கள் அல்ல.

பச்சைமை எழுதியது:

என் வரியை எடுத்துத் தனி இழையே தொடங்கிய நண்பருக்கு நன்றி. முப்பது பேர் கைதட்டியதை எண்ணிப் பார்த்திருக்கிறீர்கள் என்பதில் மகிழ்ச்சி. எண்ணுவதுதானே தணிக்கையின் முதல் பாடம்.

நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் இந்தியத் தணிக்கைத் துறையில் பச்சை பென்சிலோடு காலம் கழித்தவன். ஒரு கோட்ட அலுவலகத்தில் தினக்கூலிகளின் வருகைப் பதிவேடான மஸ்டர் ரோலைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, பதினான்கு பெயர்களுக்கு எதிரே இருந்த பதினான்கு பெருவிரல் ரேகைகளிலும் ஒரே இடத்தில், ஒரே சாய்வில், ஒரு வெட்டுத் தழும்பு இருப்பதைக் கண்டேன். பதினான்கு பேருக்கும் ஒரே கட்டைவிரல்! அன்று மாலையே விளக்கம் கேட்கும் தணிக்கைக் குறிப்பான ஹாஃப் மார்ஜினை எழுதி அதிகாரியின் மேசையில் வைத்தேன். அந்தத் தழும்பைக் கண்ட கண் யாரிடமும் ஓட்டுக் கேட்ட கண் அல்ல.

இப்போது உங்கள் மாநிலத்துக்கு வருவோம். 1987 முதல் 2011 வரை, முழுதாக இருபத்து நான்கு ஆண்டுகள், மாசசூசெட்ஸின் தணிக்கையாளராக இருந்த ஜோ டெனூச்சி யார்? குத்துச்சண்டை வீரர். நான் கிண்டலுக்காகச் சொல்லவில்லை. மிடில்வெயிட் பிரிவில் தொழில்முறையாக மேடை ஏறியவர். ஒரு குத்துச்சண்டை வீரரை ஆறு முறை தணிக்கையாளராகத் தேர்ந்தெடுத்த வாக்காளர்கள் எங்களுக்குத் தணிக்கை என்றால் என்னவென்று பாடம் எடுக்க வருகிறார்கள்.

தாமிரபரணி எழுதியது:

கணக்கு உதைக்கிறது என்றால் திருப்பிக் குத்துவதற்கு ஆள் வேண்டும் அல்லவா? பொருத்தமான நியமனம்தான்.

செங்காந்தள் எழுதியது:

தயவுசெய்து ஒரு நிமிடம். 'தணிக்கையாளர்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இங்கே மூன்று வெவ்வேறு வேலைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். பணம் வெளியே போகும் முன் பட்டியலைச் சரிபார்த்துக் காசோலை வழங்குவது ஒன்று. செலவான பின் கணக்கு சரியா என்று பார்ப்பது இன்னொன்று. செலவழித்த துறை தன் கடமையைச் செய்ததா என்று பார்ப்பது மூன்றாவது. மாசசூசெட்ஸில் முதல் வேலைக்குத் தனியாக ஒரு கம்ப்ட்ரோலர் இருக்கிறார். தணிக்கையாளரின் அலுவலகம் பெரும்பாலும் செய்வது மூன்றாவது வேலை. டெனூச்சிக்கு அடுத்து வந்த சூசன் பம்ப் காலத்தில், 2017இல், குழந்தைகள் நலத் துறையின் கோப்புகளை மாநில மருத்துவக் காப்பீட்டின் சிகிச்சைப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தன் பராமரிப்பில் இருந்த குழந்தைகளுக்கு ஏற்பட்ட கடுமையான காயங்கள் பலவற்றை அந்தத் துறை அறிந்திருக்கவே இல்லை என்பது அப்போதுதான் வெளியே வந்தது. இதில் கட்டைவிரல் ரேகையும் இல்லை, காசோலையும் இல்லை. எந்த வேலையைப் பற்றி விவாதிக்கிறோம் என்று முதலில் முடிவு செய்துகொள்ளலாமா?

பச்சைமை எழுதியது:

செங்காந்தள் அவர்களின் வகுப்பு நன்றாக இருந்தது. ஆனால் நான் கேட்டது எளிய கேள்வி: அந்தக் குத்துச்சண்டை வீரர் எந்தத் தகுதியில் தணிக்கையாளரானார்?

தேர்தலின் மகிமையை விளக்க இன்னோர் உதாரணமும் தருகிறேன். இல்லினாய் மாநிலத்தில் 1952இல் மக்கள் ஓட்டளித்துத் தேர்ந்தெடுத்த தணிக்கையாளர் ஆர்வில் ஹாட்ஜ். நான்கே ஆண்டுகளில், பொய்யான பெயர்களில் அரசுக் காசோலைகளை எழுதி, பதினைந்து லட்சம் டாலருக்கு மேல் தாமே எடுத்துக்கொண்டார். ஒரு சிகாகோ நாளிதழ்தான் 1956இல் அதைத் தோண்டி எடுத்தது. பிறகு அந்த மாநிலம் பாடம் கற்றுக்கொண்டு, 1970இன் அரசியல் சட்டத்தில் தேர்தல் தணிக்கையாளர் பதவியையே நீக்கி, சட்டமன்றம் பத்து ஆண்டுகளுக்கு நியமிக்கும் தணிக்கைத் தலைவரைக் கொண்டுவந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை. வேலிக்கு ஓட்டுப் போட்டவர்கள் பயிருக்குச் சொந்தக்காரர்கள்.

செங்காந்தள் எழுதியது:

ஹாட்ஜ் களவாட முடிந்ததற்குக் காரணமே அவர் கையில் காசோலை இருந்ததுதான். நான் மேலே சொன்ன முதல் வகை வேலை அது. இல்லினாயில் அந்த வேலைக்கு இன்றும் மக்களே ஒரு கம்ப்ட்ரோலரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆக, அந்த மாநிலம் கற்ற பாடம் எழுதும் கையையும் சரிபார்க்கும் கண்ணையும் பிரிப்பது. தேர்தல் கூடாது என்பது மட்டும் அல்ல.

வுஸ்டர்வாசி எழுதியது:

செங்காந்தள் சொன்னது பச்சைமை அவர்களின் கண்ணில் படாது, ஏனென்றால் அதில் பச்சை மை இல்லை.

டெனூச்சி மேடையிலிருந்து இறங்கிக் கையுறையைக் கழற்றிவிட்டு நேராகத் தணிக்கை நாற்காலியில் வந்து அமரவில்லை. அதற்கு முன் பத்து ஆண்டுகள் சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர். அலுவலகத்தில் தாள்களைப் புரட்டுகிறவர்கள் தேர்தலில் வந்தவர்கள் அல்ல, பயிற்சி பெற்ற தணிக்கை ஊழியர்கள். அரசுத் தணிக்கைக்கென்று அமெரிக்கக் கூட்டாட்சி வகுத்த தர விதிகளின்படி, மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை வெளியாட்கள் வந்து தணிக்கையாளரின் அலுவலகத்தையே சோதித்துவிட்டுப் போவார்கள். தலைவர் கத்தி பிடிக்க வேண்டியதில்லை. மருத்துவமனையின் தலைவர் அறுவை செய்துதான் ஆக வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

ஆனால் உங்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. அந்தப் பதினான்கு கட்டைவிரல்கள் பற்றிய பாரா, அதாவது அந்தத் தணிக்கை ஆட்சேபம், பிறகு என்ன ஆயிற்று?

பச்சைமை எழுதியது:

பத்து ஆண்டுகள் சட்டமன்ற உறுப்பினராக இருந்ததால் குத்துச்சண்டை வீரர் தணிக்கையாளராகிவிடுவார் என்ற தருக்கம் எனக்கு விளங்கவில்லை. அது நோயை மருந்தாகக் காட்டுவது. தேர்தல் தணிக்கையாளர்கள் எங்கிருந்து வருகிறார்கள், எங்கே போகிறார்கள் என்று பாருங்கள். மிசூரியில் கிட் பாண்ட், ஜான் ஆஷ்கிராஃப்ட், கிளேர் மெக்கஸ்கில் மூவரும் தணிக்கையாளர் நாற்காலியிலிருந்து எழுந்தவர்கள். முதல் இருவர் ஆளுநர் பதவி வழியாகவும் மூன்றாமவர் நேராகவும் கூட்டாட்சி செனட்டை எட்டினார்கள். பென்சில்வேனியாவின் பாப் கேசி ஜூனியரும் அதே ஏணியில் ஏறியவர்தான். தணிக்கை அறிக்கையை எழுதுகிறவர் அடுத்த தேர்தலுக்கான துண்டுப் பிரசுரத்தையும் மனத்திலேயே எழுதிக்கொண்டிருந்தால், எந்தப் பத்தி எதற்கு என்று யார் பிரித்துச் சொல்வது?

உங்கள் டிசோக்லியோவும் கீழவையிலும் செனட்டிலும் பத்து ஆண்டுகள் இருந்தவர். தலைமையோடு அங்கே அவருக்கு என்ன பிணக்கு இருந்தது என்பது ஊரறிந்தது. இன்று அதே அவையின் கதவைத் தட்டுகிறார். இதற்குத் தமிழில் கணக்குப் பார்த்தல் என்று பெயரில்லை, கணக்குத் தீர்த்தல் என்று பெயர்.

வுஸ்டர்வாசி எழுதியது:

ஊரறிந்தது என்று மூடி மறைக்க வேண்டாம். நானே திறந்து சொல்கிறேன். 2011இல் சட்டமன்ற உதவியாளராக இருந்தபோது ஒரு வதந்தியின் பேரில் வேலையை இழந்து, வாய் திறக்கமாட்டேன் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டு வெளியே வந்தவர் அவர். பிறகு உறுப்பினராகத் தேர்வாகி, 2018 மார்ச்சில் அதே அவையின் நடுவில் எழுந்து நின்று, அந்த ஒப்பந்தத்தை எல்லோர் முன்னிலையிலும் மீறிப் பேசினார். இப்படிப்பட்ட வாய்ப்பூட்டு ஒப்பந்தங்களுக்கு வரிப்பணம் எவ்வளவு போகிறது என்று கேட்பது பழிவாங்கல் என்றால், பதினான்கு ரேகைகளில் தழும்பைத் தேடியதும் ஒரு கூலித் தொழிலாளியின் மீதான பழிவாங்கல்தான். மாநிலத்தின் பொதுப் பதிவேட்டுச் சட்டத்திலிருந்து தன்னை விலக்கி வைத்துக்கொண்டிருக்கும் ஓர் அவையின் கதவை யார் தட்டினால் உங்களுக்குச் சம்மதம்?

பாரா என்ன ஆயிற்று என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

தாமிரபரணி எழுதியது:

ஓட்டுக் கேட்காத தணிக்கை 2010இல் 2ஜி அலைக்கற்றை விவகாரத்தில் 1.76 லட்சம் கோடி என்று ஒரு தொகையை எழுதியதையும், 2017இல் தனி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்ததையும் இங்கே யாரும் நினைவூட்டவில்லையே என்று பார்த்தேன். அந்தத் தொகைக்கு எத்தனை கட்டைவிரல், ஐயா?

பச்சைமை எழுதியது:

எதிர்பார்த்தேன். தமிழ் இணையத்தில் தணிக்கை என்ற சொல்லை எழுதிய ஆறாவது மணி நேரத்தில் அந்தத் தொகை வந்து நிற்கும். அறிக்கை கணித்தது அரசுக்கு வந்திருக்கக்கூடிய வருவாயின் உத்தேச இழப்பை. யார் திருடினார் என்று சொல்வது தணிக்கையின் வேலையும் அல்ல, நீதிமன்றம் பார்த்தது தணிக்கைக் கணக்கையும் அல்ல. இந்த வேறுபாடு தெரியாதவர்களோடு விவாதிப்பதற்கு நான் அந்தக் குத்துச்சண்டை வீரரிடமே பாடம் கேட்டிருக்கலாம்.

இந்தியாவில் தலைமைத் தணிக்கையாளருக்கு ஆறு ஆண்டு அல்லது அறுபத்தைந்து வயது வரை பதவி. உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்குவதற்கு உள்ள அதே கடினமான வழியில்தான் அவரையும் நீக்க முடியும். ஓய்வுக்குப் பின் அரசில் வேறு பதவி கிடையாது. ஏணியை எடுத்துவிட்டுத்தான் ஆளைக் கூரையில் ஏற்றியிருக்கிறார்கள்.

வுஸ்டர்வாசி எழுதியது:

அவரைக் கூரையில் ஏற்றுவது யார்? அரசாங்கம். அதாவது, யாருடைய கணக்கைப் பார்க்க வேண்டுமோ அவர்களே ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மாமியார் வீட்டுச் சாப்பாட்டைக் குறை சொல்ல மருமகனை அழைத்த கதை.

போன ஆண்டு ஓர் இழையில் 'நாடாளுமன்றம் நியமிக்கிறது' என்று நான் தவறாக எழுதியதற்கு, நீங்கள் அரசியல் சட்டத்தின் 148ஆம் உறுப்பைத் தட்டச்சு செய்து என்னைத் திருத்தினீர்கள். நினைவிருக்கிறது. அந்தத் திருத்தம் இன்று எனக்கே பயன்படுகிறது: நாடாளுமன்றம் நியமித்திருந்தாலாவது எதிர்க்கட்சிக்கு ஒரு வாய் இருந்திருக்கும்.

செங்காந்தள் எழுதியது:

72 சதவீதத்தைப் பற்றி ஒரு சிறு தகவல், இருவருமே அதைச் சட்டென்று தாண்டிப் போய்விட்டீர்கள். மாசசூசெட்ஸில் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறுவது சாதாரணச் சட்டமே. சட்டமன்றம் நினைத்தால் மாற்றலாம், முடக்கலாம். 1998இல் தேர்தல் நிதிச் சீர்திருத்தத்துக்கு வாக்காளர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரவு தந்தார்கள். சட்டமன்றம் அதற்குப் பணம் ஒதுக்க மறுத்தது. 2002இல் மாநில உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு, வேட்பாளர்களுக்குப் பணம் கொடுப்பதற்காக அரசு வாகனங்களை ஏலத்தில் விற்றார்கள் என்றால் நம்புவீர்களா? 2003இல் அந்தச் சட்டமே ரத்தாயிற்று.

இப்போதும் தடையாக நிற்பது கணக்கறிவு அல்ல. ஜான் ஆடம்ஸ் வரைந்த 1780ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில், அரசின் மூன்று கிளைகளில் ஒன்று மற்றொன்றின் அதிகாரத்தைச் செலுத்தக் கூடாது என்று முப்பதாவது உறுப்பு சொல்கிறது. அதைத்தான் இரு அவைத் தலைவர்களான ரான் மரியானோவும் கேரன் ஸ்பில்காவும் கேடயமாகப் பிடித்திருக்கிறார்கள். அட்டர்னி ஜெனரல் ஆண்ட்ரியா கேம்பெல் 2023இலேயே, சட்டமன்றம் ஒப்பாமல் தணிக்கை செய்யப் பழைய சட்டம் இடம் தரவில்லை என்று கருத்துச் சொல்லிவிட்டார். வழக்குத் தொடுக்க வேண்டுமென்றால் அதே அட்டர்னி ஜெனரலின் வாசலில்தான் தணிக்கையாளர் போய் நிற்க வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்பதால் அவருக்குக் குரல் கிடைத்தது, சாவி கிடைக்கவில்லை. இதைப் பற்றி யாராவது பேசலாமே?

பச்சைமை எழுதியது:

பேசலாம். நான் முதல் நாளிலிருந்து சொல்வதைத்தான் செங்காந்தள் அவர்கள் சுற்றி வளைத்துச் சொல்லியிருக்கிறார்: ஓட்டால் தணிக்கை நடக்காது. சட்டமன்றம் தனியார் தணிக்கை நிறுவனத்தை அமர்த்திக்கொள்ள விதி வைத்திருப்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

செங்காந்தள் எழுதியது:

நான் அதைச் சொல்லவே இல்லை.

வுஸ்டர்வாசி எழுதியது:

தன்னைத் தணிக்கை செய்ய ஆளைத் தானே அமர்த்தி, கூலியும் தானே கொடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டைப் பச்சைமை அவர்கள் பாராட்டுவார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அந்தக் கோட்ட அலுவலகமும் தனக்குப் பிடித்த தணிக்கையாளரை அமர்த்திக்கொண்டிருந்தால், பதினான்கு விரல்களும் பதினான்கு கைகளில் இருந்திருக்கும்.

மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். அந்தப் பாரா என்ன ஆயிற்று?

பச்சைமை எழுதியது:

பாரா பாராவாகவே இருந்தது. அலுவலகம் பதில் அனுப்பியது, நாங்கள் மறுபதில் அனுப்பினோம், அதிகாரி மாறினார், கோப்பு மாறியது. நான் ஓய்வு பெற்ற நாளன்றும் நிலுவைப் பட்டியலில் அது இருந்தது. எழுதுவது என் வேலை, எழுதினேன். மீட்பது நிர்வாகத்தின் வேலை. இதில் நான் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி என் கேள்விக்கு வாருங்கள். குத்துச்சண்டை வீரர்.

வுஸ்டர்வாசி எழுதியது:

நிலுவையில் இருக்கிறது என்கிறீர்கள். நல்லது. உங்கள் கேள்வியையும் அதே பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தாமிரபரணி எழுதியது:

மணி அடித்துவிட்டது. அடுத்த சுற்றுக்கு இருவரும் மூலைக்குப் போகலாம்.

பச்சைமை எழுதியது:

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். இருபத்து நான்கு ஆண்டுகள். குத்துச்சண்டை வீரர். இழையை மேலிருந்து கீழ்வரை இன்னொரு முறை படித்துவிட்டேன். தகுதி என்ன என்ற கேள்விக்கு நேரான ஒரு வரிகூட எங்கும் இல்லை.