அந்த அஞ்சு டாலர் ஃபோர்டோட தங்க மனசா?

பழைய பேப்பர்
காலங்காத்தால அப்பார்ட்மெண்ட் குரூப்ல ஒரு வீடியோ. கோட்டு போட்ட தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருத்தர் மேடையில குறுக்க நெடுக்க நடந்துகிட்டே, "1914ல ஹென்றி ஃபோர்டு தன் தொழிலாளியும் தன் காரை வாங்கி ஓட்டணும்னு ஆசைப்பட்டு ஒரே ராத்திரியில கூலியை நாளுக்கு அஞ்சு டாலர்னு ரெண்டு மடங்கு ஆக்கினார், அதான் தலைவனோட குணம்"ங்கறார். கீழ நாப்பது பேரு கும்புடு போட்டிருக்காங்க. எரிச்சல்ல பல்லு விளக்கக்கூட போகல.

நடந்தது என்னன்னா, 1913ல ஃபோர்டோட ஹைலண்ட் பார்க் ஃபேக்டரிக்கு ஓடுற அசெம்பிளி லைன் வந்துச்சு. பன்னெண்டரை மணி நேரம் புடிச்ச சேஸி (காரோட அடிச்சட்டம்) வேலை ஒன்றரை மணி நேரத்துக்கு வந்துருச்சு, முதலாளிக்குக் கொண்டாட்டம். ஆனா நின்ன எடத்துலயே நின்னு நாள் பூரா ஒரே நட்டை முடுக்கறவனுக்குப் பைத்தியம் புடிக்காதா? ஆளுங்க கும்பல் கும்பலா வேலையை விட்டுட்டுப் போயிட்டாங்க. 14,000 பேர் இருக்கவேண்டிய எடத்தை நிரப்பி வைக்க அந்த ஒரு வருஷத்துல 52,000 பேரை எடுக்க வேண்டியதாச்சு. அந்த ஓட்டத்தை நிறுத்தத்தான் அஞ்சு டாலர். மனசும் இல்ல மண்ணாங்கட்டியும் இல்ல.

லேத் பட்டறை
ஏனுங்க பேப்பர், எல்லாஞ் செரிங்க. அஞ்சு டாலர் கொடுத்தாருங்களா இல்லீங்களா? கொடுத்தாருல்ல, அப்பறம் என்னங்க. ஆளு நிக்கலைன்னா நம்மூருல என்ன பண்ணுவாங்க, ஏஜெண்டுக்கு போன போட்டு இன்னொரு பஸ்ஸு ஆள எறக்குவாங்க. அந்த மனுசன் கூலிய ஏத்துனாரு. அதுவும் 9 மணி நேர வேலைய 8 மணி நேரம்னு கொறச்சுப்போட்டு ஏத்துனாரு. நான் கோயமுத்தூர் கணபதியில 27 வருசமா பட்டறை நடத்தறேன், ஒரு பழைய லேத்துல ஆரம்பிச்சு இன்னைக்கு கம்ப்யூட்டர்ல ஓடற சிஎன்சி மெஷினு ரெண்டு நிக்குது, மொதலாளிக்கு வேண்டியது பிடிவாதமும் பெரிய மனசும்தானுங்க, பத்து பேர்த்தக் கேட்டு முடிவெடுக்கோணும்னா ஷட்டரையே தொறக்க முடியாது. புஸ்தகம் படிச்சவங்களுக்கு இது வெளங்காது.

வாசுகி ஆடிட்டர்
கணக்கு பாக்கறவ ஒரு விஷயம் சொல்லிடறேன். அந்த 5 டாலர் முழுசும் கூலியே இல்ல. பழைய 2.34 டாலர்தான் கூலி, மிச்சம் லாபப் பங்குன்னு பேரு. பங்கு வேணும்னா ஆறு மாசம் சர்வீஸ் ஆகணும், அது போக கம்பெனியோட சமூகவியல் இலாகா ஆளுங்க வீட்டுக்கே வந்து பாப்பாங்க, குடிக்கிறியா, வீட்டைச் சுத்தமா வச்சிருக்கியா, காசு சேக்கறியா, வீட்ல வாடகைக்கு ஆள் தங்க வச்சிருக்கியான்னு. மாமியார்கூட இவ்ளோ நோட்டம் விடமாட்டாங்க. பெண் தொழிலாளிங்களுக்கு ஆரம்பத்துல இந்தப் பங்கே கிடையாது.

இன்னொண்ணு, அந்த யோசனைக்கு முக்கியமான காரணம் பிசினஸ் மேனேஜர் ஜேம்ஸ் கசன்ஸ்னு சொல்றவங்க நிறைய. அவர் ஒரு சிடுமூஞ்சி, ஆனா காசு விஷயத்துல கம்பெனியைத் தாங்கிப் புடிச்சவர். ஃபோர்டுகிட்ட மூஞ்சிக்கு நேரா "முடியாது"ன்னு சொல்லக்கூடிய ஆளு. 1915ல சண்டை போட்டுட்டு வெளிய போயிட்டார். அதுக்கப்பறம் அப்படிச் சொல்ல ஆள் குறைஞ்சுகிட்டே போச்சு. எனக்கு அந்தக் கம்பெனி கதையில முக்கியமான தேதியே அதுதான்.

லேத் பட்டறை
மேடம் ஆடிட்டருன்னா ஆடிட்டர் மாதிரியேதான் பேசறீங்க, ரெண்டு ரூவாய கூலி காலத்துலயும் ரெண்டு ரூவாய பங்கு காலத்துலயும் எழுதுனா ஆச்சுங்களா. அவன் கையில சாயங்காலம் எத்தன நின்னுச்சு? அஞ்சு டாலர். யோசனை எவனோடதா வேணா இருக்கட்டும், செக்குல கையெழுத்து ஆரு போட்டா?

எச்ஆர் பாவம்
நண்பர்களே ஒரு சின்ன விஷயம். "நல்ல தலைமை"ன்னு எதைச் சொல்றோம்னு முதல்ல ஒரு முடிவுக்கு வரலாமா? லாபமா, ஆள் நிக்கிறதா, இல்ல தலைவர் போன பின்னாடியும் கம்பெனி நிக்கிறதா? உளவியல்ல குணங்களை அஞ்சா பிரிச்சு அளப்பாங்க. புதுசை ஏத்துக்கறது, ஒழுங்கா வேலையை முடிக்கிறது, கலகலப்பு, இணக்கம், மனப் பதற்றம். இதுல கலகலப்பா பேசறவன் சீக்கிரமா தலைவன் ஆயிடுவான், ஆனா ஆன பின்னாடி நல்லா நடத்துவானாங்கறது வேற கேள்வி. அதனால

நெல்லை அல்வா
அஞ்சு டாலரு, அஞ்சு குணம். அஞ்சறைப் பெட்டி ஒண்ணுதான் பாக்கி, யாராச்சும் கொண்டாங்கவே.

பழைய பேப்பர்
லேத், உங்க 8 மணி நேரத்துக்கு வர்றேன். ஏன் 8? 9 மணி நேரம்னா ஒரு நாளைக்கு ரெண்டு ஷிப்டுதான் ஓட்ட முடியும். 8ன்னா மூணு ஷிப்டு. மெஷின் தூங்கவே தூங்காது. பட்டறை வச்சிருக்கீங்க, இது நான் சொல்லித்தான் தெரியணுமா?

அப்பறம் "தொழிலாளி கார் வாங்கணும்" கதை. 14,000 பேரும் ஆளுக்கொண்ணு வாங்கினாக்கூட 14,000 கார். அந்த வருஷம் ஃபேக்டரியில செஞ்சது ரெண்டு லட்சத்துக்கு மேல. தன் ஆளுக்கு கார் விக்கவா ஒருத்தன் கூலியை ரெட்டிப்பாக்குவான்? பின்னாடி ஃபோர்டே செலவைக் குறைக்க நாங்க எடுத்த நல்ல முடிவுகள்ல அது ஒண்ணுன்னு சொல்லியாச்சு. அறிவிப்பைப் பாத்து வேலை கேட்டு ஆயிரக்கணக்குல வந்து நின்ன கூட்டத்து மேல அந்த ஜனவரிக் குளிர்ல ஹோஸ் வச்சுத் தண்ணி அடிச்சாங்க. தங்க மனசு!

லேத் பட்டறை
பெரிய மனுசன் செஞ்ச நல்லத தானே தம்பட்டம் அடிப்பாருங்களா? செலவக் கொறைக்கத்தான்னு சொல்லி மறைச்சிருப்பாரு. எங்கப்பா அப்படித்தான்.

லேத் பட்டறை
தண்ணி அடிச்சது கேட்டுல நின்ன ஆளுங்க. அதுக்கும் மொதலாளிதானா? கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் வரமாட்டேங்குது பாருங்க. கொடுத்தாரா இல்லையா?

பழைய பேப்பர்
கொடுத்தார். ஏன் கொடுத்தார்ங்கறதுதான் விவாதம். இதை இன்னும் எத்தனை தடவை எழுதறது?

லேத் பட்டறை
கொடுத்தாருன்னு ஒத்துக்கிட்டீங்கள்ல. ஸ்க்ரீன்ஷாட் எடுத்துட்டேன்.

செங்கல்பட்டு சிங்கம்
யோவ் ரெண்டு பேரும் பெரியவர் பெருமையை மட்டும் பேசறீங்களே, புள்ளையை என்ன பண்ணாருன்னு பேச மாட்டீங்களா. எட்செல் 1919லயே பிரசிடெண்ட்டு. பேருக்குத்தான். புள்ள ஒண்ணு சொன்னா அப்பா எல்லார் முன்னாடியும் அதை வெட்டி விடுவாரு. ஹாரி பென்னட்னு ஒரு ரவுடித்தனமான ஆளை பக்கத்துல வச்சுகினு, 1937ல யூனியன் ஆளுங்க நோட்டீஸ் குடுக்க வந்தப்ப அவன் ஆளுங்க மேம்பாலத்துல போட்டு அடிச்சது போட்டோவா பேப்பர்ல வந்துச்சு. புள்ள 1943ல 49 வயசுல கேன்சர்ல போயிட்டாரு. கிழவர் திரும்பி வந்து சீட்ல குந்தினாரு. 1945ல பேரன் வந்து பண்ண மொத வேலையே பென்னட்டை வெளிய அனுப்பினது. எங்க மாமா மறைமலை நகர் ஃபோர்டு ஃபேக்டரியில இருந்தப்ப இதெல்லாம் கதை கதையா சொல்வாரு.

நெல்லை அல்வா
போன திரியில அதே மாமா துறைமுகத்துல கிரேன் ஓட்டினார். ஒரே மாமாவா, செட்டா வாங்கினதா?

செங்கல்பட்டு சிங்கம்
ரெண்டு மாமா இருக்கக்கூடாதுன்னு சட்டமா? அம்மாவுக்கு நாலு தம்பிங்க. உன் அல்வாவை உன்னோட வச்சுக்கோ.

லேத் பட்டறை
குடும்ப விசியத்த தொழிலோட போட்டுக் கொழப்பாதீங்க. அப்பன் மகன் சண்டை எந்த வீட்லதான் இல்ல. என் பையன் பிஇ முடிச்சுட்டு வந்து பட்டறைக்கு சாப்ட்வேர் போடலாங்கறான், டேய் மொதல்ல ஆயில் மாத்துடான்னேன், ரெண்டு மாசமா பேச்சில்ல, அதுக்காக நான் கெட்ட மொதலாளி ஆயிருவனுங்களா? பிடிவாதம் இல்லைன்னா 1908ல 850 டாலருக்கு வந்த டி மாடலு காரு 300 டாலருக்குக் கீழ எறங்கியிருக்குமா? ஒன்னரைக் கோடி வண்டி. ஒரே மாடலு. இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?

வாசுகி ஆடிட்டர்
அதே பிடிவாதத்துக்கு மறுபக்கம் இருக்கு சார். 1912ல ஃபோர்டு வெளிநாடு போயிட்டு வந்தப்ப, ஆளுங்க டி மாடலைக் கொஞ்சம் மாத்தி ஒரு புது வண்டி செஞ்சு ஆசையா காட்டினாங்களாம். மனுஷன் ஒரு வார்த்தை பேசாம அதோட கதவைக் கையாலேயே பிச்சு எறிஞ்சார்னு கூட இருந்தவங்க சொல்லியிருக்காங்க. 1921ல நுட்சன்னு ஒரு கெட்டிக்காரர் வெளிய போனார், அவர்தான் பின்னாடி போட்டிக் கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸ்ல ஷெவர்லே காரைத் தூக்கி நிறுத்தினார். 1926ல எட்செலோட சகலை கான்ஸ்லர், டி மாடல் இனி தாங்காதுன்னு ரொம்பப் பணிவா பக்கம் பக்கமா எழுதிக் குடுத்தார். சில மாசத்துல அவரையும் வீட்டுக்கு அனுப்பியாச்சு. 1927ல டி மாடலை நிறுத்தினப்ப அடுத்த வண்டி ரெடி இல்ல, மாசக்கணக்குல ஃபேக்டரி நின்னுச்சு. அந்த வருஷம் ஷெவர்லே முந்திடுச்சு. 1908ல யாரையும் கேக்காததுதான் அவரோட பலம். 1926லயும் யாரையும் கேக்கல. குணம் அதேதான் சார், ஊரு மாறிப்போச்சு.

லேத் பட்டறை
கான்ஸ்லரு சம்மந்தி வீட்டு ஆளு. சம்மந்தி வீட்டு ஆள பட்டறைக்குள்ள விட்டா என்னாகும்னு எனக்குத் தெரியும்ங்க.

பழைய பேப்பர்
லேத், நானும் விட்டுடலாம்னுதான் பாத்தேன். போன தீபாவளி போனஸ் திரியில நீங்க எழுதினது ஞாபகம் இருக்கா? பசங்க ஊருக்குப் போனவனுங்க திரும்பி வரல, பக்கத்துத் தெருக்காரன் நாளுக்கு 100 ரூபா ஜாஸ்தி குடுத்து இழுத்துட்டான், வேற வழியில்லாம நானும் 120 ஏத்தினேன்னு புலம்பினீங்க. அது பெரிய மனசா, வேற வழி இல்லாததா? உங்க வாயாலயே "வேற வழியில்லாம".

நெல்லை அல்வா
ஏ யப்பா.

லேத் பட்டறை
இதத்தானுங்க நான் சொல்றது, பேப்பருக்கு விவாதம் முக்கியமில்ல, ஆளத் தோண்டறதுதான் முக்கியம். அந்தத் திரியிலயே இவருகிட்ட ஜிஎஸ்டி பத்தி ஒரு சந்தேகம் கேட்டேன், பதில் சொல்லல, இன்னைக்கு என் போனஸ் கணக்கு மட்டும் ஞாபகம் வருது. நான் 120 ஏத்துனேன். ஆமா. மனசு இருந்துதான் ஏத்துனேன். மனசு இல்லாட்டி 100தான ஏத்தியிருப்பேன், அந்த எச்சு 20 எங்கிருந்துங்க வந்துச்சு? ஃபோர்டும் அப்படித்தான், ஆளு நிக்கோணும்னா மூணு டாலர் போதும், மூணரை போதும், அஞ்சு எதுக்குக் கொடுத்தாரு? சொல்லுங்க, அஞ்சு எதுக்கு?

பழைய பேப்பர்
அஞ்சு டாலர்னா அமெரிக்கா பூராவும் பேப்பர்ல முதல் பக்கம். ஓசி விளம்பரம். மூணு டாலருக்கு எவன் எழுதுவான்?

லேத் பட்டறை
எல்லாத்துக்கும் ஒரு கெட்ட காரணம் வச்சிருக்கீங்க. சம்பளத்துக்கு வேல செய்யறவங்க புத்தி இது.

பழைய பேப்பர்
சம்பளத்துக்கு வேலை செய்யறவன் புத்தின்னா? இதை உங்க பட்டறையில நின்னு சொல்லுங்களேன், எத்தனை பேர் நிக்கறாங்கன்னு பாப்போம்.

வாசுகி ஆடிட்டர்
தனி ஆள் தாக்குதல் வேண்டாம், ரெண்டு பேரும். லேத் சார், ஜிஎஸ்டி சந்தேகத்தை எனக்கு அனுப்புங்க, ஃபீஸ் உண்டு.

எச்ஆர் பாவம்
என் கேள்விக்கு யாருமே

லேத் பட்டறை
லோடு வந்துருச்சு, எறக்கிப்போட்டு வர்றேன். அஞ்சு எதுக்குன்னு எழுதி வைங்க. விளம்பரம்ங்கற கதையெல்லாம் வேண்டாம்.

செங்கல்பட்டு சிங்கம்
ஃபோர்டு திரிங்கறதால கேக்கறேன், 2017 எக்கோஸ்போர்ட் டீசல், சிங்கிள் ஓனர், 80,000 ஓடியிருக்கு. எவ்ளோ குடுக்கலாம்?

நெல்லை அல்வா
அஞ்சு டாலர்.

செங்கல்பட்டு சிங்கம்
உன்னை யாரு கேட்டா? மாமாவுக்குத்தான் கேக்கறேன்.

நெல்லை அல்வா
எந்த மாமாவுக்கு?